புகார்ப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்கு,

எனக்கு வயது இருபத்தெட்டு. நான் ஓய்வு பெற்றவள். சிரிக்க வேண்டாம். கல்யாணமான ஆசிரியை நம் பள்ளியில் நீடிக்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் விதி. வருகிற தை மாதம் எனக்குக் கல்யாணம். ஆகவே ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒரு நரைமுடிகூட இல்லாமல், மாலையும் தேநீரும் பெற்றுக்கொண்டு ஓய்வில் இருக்கிறேன். புதியவர்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடு என்று தலைமை ஆசிரியை சொன்னார். எழுதுகிறேன். உபயோகம் உங்கள் பொறுப்பு.

பாடம் நடத்துவதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வேலூர்ப் பயிற்சிப் பள்ளியில் கரும்பலகையை எந்தப் பக்கமிருந்து துடைப்பது என்பதுவரை சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் ஒன்பது மணி ஐந்து நிமிஷத்துக்குப் போக வேண்டிய பாசஞ்சர் ஒன்பதரைக்கும் போகாமல் நின்றால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை. உங்களில் பாதிப்பேர் ரயிலில் வருகிறவர்கள். ஆகவே ரயிலைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் சிவப்பு மை. உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பத்து மணிக்கு முதல் மணி அடிக்கும்போது தலைமை ஆசிரியை ரிஜிஸ்டரை மூடுவார். அதற்குப் பிறகு வருகிறவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு விழும். முதல் இரண்டு வருஷம் சோதனைக் காலம். அதில் ஒரே பருவத்தில் மூன்று கோடு விழுந்தால் வேலை உறுதியாகாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எல்லோரும் கட்டைவிரல். அந்த வேலை போனால் எனக்கு மட்டும் போவதில்லை; அடுத்த வீட்டுக்காரன் தன் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு, "அவ படிச்சி இன்னா கிழிச்சா?" என்று கேட்பான். அதனால் எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எங்கள் வீடு பாலாற்றுக்கு அந்தக் கரையில். ஸ்டேஷன் இந்தக் கரையில், குடியாத்தத்துக்கும் ஆம்பூருக்கும் இடையில் எங்கோ. பெயர் சொல்லமாட்டேன், அந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வருவது வருஷத்தில் சில நாள். மற்ற நாளெல்லாம் மணல். மணலில் நடந்தவர்களுக்குத் தெரியும், இரண்டு அடி வைத்தால் ஒரு அடி பின்னால் இழுக்கும். நான் மாணவப் பருவத்தில் பரிசாக வாங்கிய கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த மணலைக் கடந்து போவேன். எங்கள் பக்கத்தில் குடை பிடித்து நடந்த முதல் பெண்ணும் நான்தான். இதையும் சொல்லிவிடுகிறேன், பெருமையில் பாதி விட்டுப்போகக் கூடாது.

ஸ்டேஷனை ஒட்டித் தோல் மண்டி. சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பச்சைத்தோலுக்கு உப்புப் போட்டு, மடித்து, கட்டுக் கட்டாகக் கட்டி, தினமும் அதே பாசஞ்சரின் கடைசியிலுள்ள கார்டு வண்டியில் ஏற்றி, ஆம்பூர் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு அனுப்புவார்கள். பெண்கள் பெட்டி கார்டு வண்டிக்கு அடுத்தது. அந்த வாசனையைப் பற்றி நான் உங்களுக்கு வர்ணிக்கப் போவதில்லை. நீங்களே முகர்ந்திருப்பீர்கள்.

கட்டு ஏற்றுகிற எட்டுப் பேரில் முன்னால் நிற்பவர் என் நைனா.

ஸ்டேஷனில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நைனா சொல்லிவிட்டார்: "டீச்சரம்மா ஒரு கூலிக்காரங்கூட நின்னு பேசிக்கினு இருந்தா நாலு பேரு இன்னா நெனப்பான்? நீ பாட்டுக்குப் போய் ஏறு." நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. தலையை நிமிர்த்தி, நேராகப் பார்த்துக்கொண்டு, கட்டுகளைத் தாண்டிப் போய்ப் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொள்வேன்.

பெட்டியில் எனக்குத் தினசரித் துணை, பிரசவம் பார்க்கும் ஒரு பீபியம்மா. வாய் நிறைய வெற்றிலை, மடி நிறைய ஊர்க்கதை. நான் ஏறி உட்கார்ந்ததும் ரயில்வேயைத் திட்ட ஆரம்பிப்பேன். அரக்கோணத்தில் சோறு வேகவில்லை போலிருக்கிறது, டிரைவர் சோளிங்கர் மலையேறிக் கும்பிட்டுவிட்டு வருகிறார் போலிருக்கிறது என்று நான் சொல்லச் சொல்லப் பெட்டியே சிரிக்கும்.

பீபியம்மா ஒருநாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "ஜாஸ்தி பேசாதே டீச்சரு. நானும் பாத்துக்கினே கீறேன். நீ ஏறின பொறவுதான் வண்டி நவுருது. ஒருநாளாச்சும் உன்ன வுட்டுட்டுப் போச்சா?"

"அது என் ராசி பீபிம்மா" என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே துப்பினார்.

அந்தப் பருவத்தில் முதல் கோடு ஆடியில் விழுந்தது. வண்டி ஒன்பது முப்பத்தைந்துக்குத்தான் புறப்பட்டது. இரண்டாவது கோடு அடுத்த பதினைந்து நாளில். அன்று வண்டி வந்து நின்றும் கிளம்பவில்லை. நான் மணலில் வரும்போதே பார்த்தேன், கட்டு ஏற்றுகிற ஆள் ஒருவர் ஒரு கட்டை ஏற்றாமல் கீழே போட்டுக் கயிற்றை அவிழ்த்து, திரும்பக் கட்டி, மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் முகம் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. தலைமை ஆசிரியை சிவப்புப் பேனாவை மூடாமல் மேஜைமேல் வைத்து, "இன்னும் ஒன்று" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நான் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ப் புகார்ப் புத்தகம் கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது எதுக்கும்மா? வாயால சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

"எழுத்தில் கொடுக்கணும் சார்."

"அலமாரிச் சாவிய எங்கயோ வச்சுட்டேன்."

"பூட்டு தொங்கலையே சார். திறந்துதானே இருக்கு?"

எழுதத் தெரிந்தவளிடம் ஒரு வெற்றுத்தாளைக் கொடுப்பது, தோல் மண்டி வாசலில் நாயை அவிழ்த்துவிடுவது போல. அன்று மாலை வண்டியை விட்டிறங்கியதும் நின்றபடியே இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஒரு அடித்தல் இல்லை. போர்ட்டர், தண்ணீர்க்காரர், கட்டு ஏற்றுகிறவர்கள் என்று சுற்றிலும் கூட்டம். நைனா கூட்டத்துக்குப் பின்னால் எட்டி நின்று எவரிடமோ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "ரயில்வேக்காரன் பொஸ்தகத்துல எம் பொண்ணு எழுதுது பாரு."

வீட்டுக்குப் போய்க் கை கழுவி உட்கார்ந்ததும் கேட்டார்: "இன்னா எழுதினே, சொல்லு."

நான் எழுதியிருந்தது இதுதான்: மேற்படி தாமதத்துக்கு முழுக் காரணம் தோல் கட்டு ஏற்றும் கூலிகளின் சோம்பேறித்தனம். குறிப்பாக ஓர் ஆள் ஒரே கட்டைத் தினமும் இரண்டு மூன்று முறை அவிழ்த்துக் கட்டுகிறான். படித்தவர்களின் நேரம் இப்படிப்பட்டவர்களால் வீணாகிறது.

கூலிகள் என்று எழுதியபோது எனக்கு நைனாவின் நினைவு வரவில்லை. நீங்கள் நம்புவீர்களோ என்னவோ. எழுத்து நன்றாக வரும்போது எழுதுகிறவளுக்குக் கண் தெரியாது.

"கட்டு ஏத்தறவங்க ரொம்பப் பாடுபடறாங்க, இன்னும் நாலு ஆள் போட்டா வண்டி சீக்கிரம் கிளம்பும்னு எழுதினேன் நைனா."

"அப்டியா! நல்லா எழுதினே" என்று இன்னொரு கை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் சாப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து ரயில் கம்பெனி விழித்துக்கொண்டது. என் ஒன்றரைப் பக்கத்தை விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர், கோட்டும் தலைப்பாகையுமாக, தண்டவாளத்தின்மேல் ஆட்கள் தள்ளும் டிராலியில் வந்து இறங்கினார். எனக்கு இது தெரியாது. நான் வழக்கம்போல வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினேன்.

வழக்கமான நேரம் என்றால் என்ன? வண்டி எப்படியும் ஒன்பது இருபதுக்கு முன்னால் போகாது. ஆகவே ஒன்பது ஐந்துக்கு ஸ்டேஷனில் நிற்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நான் ஒன்பது பத்துக்குப் போய்ச் சேருவேன். சில நாள் பதினைந்து.

அன்று மணலில் பாதி வந்திருப்பேன். வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. அப்படியும் நடக்கும், பயந்துவிடாதீர்கள். இன்ஸ்பெக்டர் கையில் கடிகாரத்தோடு நிற்க, எட்டுப் பேரும் முப்பது கட்டுகளை எறும்பு வரிசைபோல ஓடி ஓடி ஏற்றினார்கள். மூன்றே நிமிஷம். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். கார்டு பச்சைக்கொடியைக் காட்டினார். நான் குடையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினேன், கத்தினேன், செருப்பை ஆட்டினேன். பிளாட்பாரத்தில் எட்டுப் பேரும் என் பக்கம் திரும்பி நின்றார்கள். அதில் ஒருவர் கையில் கயிற்றுத்துண்டு.

வண்டி போய்விட்டது. ஒன்பது ஐந்து. ஒரு நிமிஷம் கூடவுமில்லை, கம்மியுமில்லை.

மூச்சு வாங்க நான் பிளாட்பாரத்தில் ஏறியபோது ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் அருகில் வந்தார். இன்ஸ்பெக்டர் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார்.

"திருப்தியாம்மா?" என்றார் தாழ்ந்த குரலில். "ஒண்ணரை வருஷமா உங்கப்பா அந்தக் குடை மணல்ல எங்க தெரியுதுன்னு பாத்துப் பாத்துக் கட்ட அவுத்துக் கட்டுவாரு. நான் 'தோல் ஏற்றத் தாமதம்'னு எழுதுவேன். குடை கேட்டுக்கிட்ட வந்தா கயிறு தானா இறுகிடும். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. வண்டி தாமதமாகும் என்று நான் தாமதமாகக் கிளம்பினேன். நான் தாமதமாக வருவேன் என்று வண்டி தாமதமாகப் புறப்பட்டது. இதை நான் ஒன்றரை வருஷம் ராசி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு விழுந்த அந்த இரண்டு சிவப்புக் கோடுகளில் ஒன்றையாவது நானே போட்டுக்கொண்டேன்.

நான் வாய் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். கையில் புகார்ப் புத்தகம்.

"புகார் கொடுத்த அம்மா நீங்கதானா? இன்னிக்கு வண்டி சரியான நேரத்துக்குப் போச்சு, பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். மணல்ல இருந்து நல்லா தெரிஞ்சுது."

அவர் கட்டு ஏற்றுகிறவர்களை வரிசையாக நிறுத்தினார். பிறகு என் இங்கிலீஷை, ஒரு வார்த்தை விடாமல், தமிழில் உரக்கப் படித்தார். சோம்பேறித்தனம் என்று படித்தார். இப்படிப்பட்டவர்கள் என்று படித்தார். நான் எழுதிய எதையும் அவ்வளவு தெளிவாக அதற்குப் பிறகு எவரும் படித்ததில்லை.

வரிசையில் ஓர் ஆள் செருமினார். நைனா புத்தகத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இங்கிலீஷ்ல நல்லாத்தான் இருந்துச்சி. தமிழ்லதான் காரம் கொஞ்சம் ஜாஸ்தி."

எட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கு ஏன் என்று புரியவில்லை.

"யாரு அந்த ஆளு?" என்றார் என்னிடம். "ஒரே கட்டை அவுத்து அவுத்துக் கட்டறவன். அடையாளம் காட்டுங்க. மண்டிக்காரருக்கு எழுதி இன்னிக்கே நிறுத்திடச் சொல்றேன். அப்புறம் உங்க வாக்குமூலத்தில் ஒரு கையெழுத்து."

மணி ஒன்பது பதினைந்து. அடுத்த வண்டி பன்னிரண்டுக்கு. பள்ளிக்கூடம் நாலு மைல் தூரத்தில். மேஜைமேல் மூடாத சிவப்புப் பேனா.

தங்கைகளே, நெருக்கடியில் என்ன செய்வது என்று நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். நான் கண்டது ஒன்றுதான். உங்களிடம் எல்லோருக்கும் வேண்டியது ஏதாவது ஒன்று இருக்கும். அது என்ன என்று கண்டுபிடியுங்கள். அன்று என்னிடம் இருந்தது என் கையெழுத்து.

"போடறேன் சார். ஆனா இப்ப முடியாது, பத்து மணிக்குப் பள்ளிக்கூடம்" என்றேன்.

"அஞ்சு நிமிஷம்மா."

"நீங்க டிராலியில அந்தப் பக்கம்தானே போறீங்க? வழியில எழுதித் தர்றேன்."

"பொம்பளைங்களை டிராலியில ஏத்த ரூல் இல்லை."

"ஏத்தக் கூடாதுன்னு ரூல் இருக்கா சார்?"

அவர் யோசித்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

"அப்ப நான் இங்கேயே உக்காந்து இன்னொரு புகார் எழுதறேன் சார். வண்டி சீக்கிரம் போகுதுன்னு. அதையும் விசாரிக்க நீங்கதான் வரணும், இல்லையா?"

அவர் வெயிலைப் பார்த்தார். புத்தகத்தில் மீதியிருந்த வெற்றுப் பக்கங்களைப் பார்த்தார். டிராலியின் பிரம்பு ஆசனத்தில் ஓர் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

நாலு ஆட்கள் தண்டவாளத்தின்மேல் வெறுங்காலோடு ஓடித் தள்ளிக்கொண்டு, வேகம் பிடித்ததும் பின்னால் தாவி ஏறிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் டிராலியில் போன முதல் பெண்ணும் நான்தான். குடை காற்றில் பின்பக்கமாக மடங்கியது. எதிரே மாடு மேய்த்த ஒருவர் வாயைத் திறந்தபடி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. மடியில் புத்தகத்தை வைத்து எழுதினேன். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு எழுதினேன். அதன் தமிழ் இது:

"மேற்படி புகாரை நானே நேரில் விசாரித்ததில், தாமதத்துக்குக் காரணம் கட்டு ஏற்றுகிறவர்கள் அல்லர் என்றும், தினமும் நேரம் கழித்து வரும் ஒரு பெண் பயணியே என்றும் தெரியவந்தது. அவளைக் கண்டித்துவிட்டேன். இனி நடக்காது. புகாரை வாபஸ் வாங்குகிறேன்."

இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். "யாரும்மா அந்தப் பொண்ணு?"

"பேரைக் கேக்காதீங்க சார். கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு. ரயில்வே புத்தகத்துல பேர் ஏறிட்டா நாளைக்கு யார் கட்டிக்குவாங்க?"

அவர் என் குடையைப் பார்த்தார். மணல் ஒட்டியிருந்த என் காலைப் பார்த்தார். "நல்லாக் கண்டிச்சீங்களா?"

"நல்லா சார்."

"கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன்.

அப்போதுதான் டிராலி ஆட்கள் கத்தினார்கள். முன்னால், பள்ளிக்கூடம் இருக்கும் ஊருக்கு வெளியே கைகாட்டிக் கம்பத்தருகில், எங்கள் பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. சரியான நேரத்துக்குப் போகும்படி கார்டுக்கும் எங்கள் ஸ்டேஷனுக்கும்தான் உத்தரவு வந்திருந்தது. அடுத்த ஸ்டேஷனுக்கு எவரும் சொல்லவில்லை. அந்த வேளையில் அது வந்து நிற்கும் என்று அங்கே ஒருவரும் கனவுகூடக் காணவில்லை; தண்டவாளத்தில் ஒரு கூட்ஸ் வண்டியை நிறுத்திச் சாவகாசமாகத் தோல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அது விலகும் நேரத்துக்குத்தான் விலகும். இத்தனை வருஷமாகத் தாமதத்தையே நம்பி ஓடுகிற ஒரு பாதையில் ஒருவர் மட்டும் திடீரென்று ஒழுங்கானால் அவர் கைகாட்டியில்தான் நிற்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் நன்றி சொல்லி இறங்கி, தண்டவாளத்தின் ஓரமாக நடந்தேன். பெண்கள் பெட்டியின் ஜன்னலில் பீபியம்மாவின் தலை தெரிந்தது.

"யா அல்லா! டீச்சரு! உன்ன வுட்டுட்டு வந்தோம்னு இப்பத்தான் பேஜாரா பேசிக்கினு கீறோம், நீ வண்டிக்கு முன்னாடி போறியே!"

"இதுவும் என் ராசிதான் பீபிம்மா!"

"ராசியாவது! உங்கப்பன் ராசி!" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. என்னைத் தவிர அந்த வண்டிக்கே தெரிந்திருக்கிறது.

ஓடினேன். ரிஜிஸ்டரில் நான் கையெழுத்துப் போட்டு முடிக்கவும் முதல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. தலைமை ஆசிரியை என் புடவையில் ஒட்டியிருந்த டிராலி எண்ணெயைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சிவப்புப் பேனாவை மூடினார். பருவ முடிவில் வேலை உறுதியாயிற்று.

மறுநாள் காலை எட்டு ஐம்பதுக்கே பிளாட்பாரத்தில் இருந்தேன். நேராகக் கட்டுகளருகில் போய், எல்லோரும் பார்க்க, "நைனா, சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "போ, போ, டீச்சரம்மா, வேல கீது" என்றார். ஆனால் அன்று முழுக்க அவர் கட்டு ஏற்றிய வேகத்தைப் பார்த்து மண்டிக்காரரே பயந்துபோனாராம்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் கல்யாணப் பத்திரிகை கொடுக்க ஸ்டேஷன் மாஸ்டரிடம் போயிருந்தேன். மணி ஒன்பது எட்டு. பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. கார்டு கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தார். நைனா பிளாட்பாரத்தில் குந்தி உட்கார்ந்து, நன்றாக இறுகியிருந்த ஒரு கட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் இப்போது அவருக்குச் சரியாக மடங்குவதில்லை.

நான் ஆற்றுப் பக்கம் திரும்பினேன். மணலின் நடுவில் ஒரு குடை. புதுக் குடை. அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

அந்தக் குடை யாருடையது என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதமாட்டேன். கல்யாணம் ஆக வேண்டிய பெண். நீ நாளையிலிருந்து கால்மணி முன்னால் கிளம்பு, தங்கையே. என் நைனாவுக்கு வயதாகிறது. ஒரே கட்டை எத்தனை தரம் கட்டுவார்?